லக்கியும் என் வலது கையும்

என் வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே நாலு தழும்புகள் இருக்கின்றன. மில்லுக்கு வருகிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "வெறி நாய் கடிச்சதாமே, எப்படிப் பொழைச்ச?" என்கிறார்கள். கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் இந்தக் கதை வேறு மாதிரி ஓடுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் நாய் மாதிரி குரைத்தேனாம். அப்படிச் சொல்கிறவள் நாக்கு அழுகிப்போக. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன், வேறு யாரையும் நம்பி இதை விடமுடியாது. நாய் வளர்க்கிறவர்களுக்கும், நாய்க்கடி பட்டவர்களுக்கும், யாருக்காவது வலிப்பு வந்தால் உடனே சாவிக்கொத்தைத் தேடுகிறவர்களுக்கும் இது உதவினால் சரி.

நானும் என் வீட்டுக்காரரும் மாவு மில் வைத்திருக்கிறோம். மாவு மில்காரியை உலகத்தில் ஒருத்தியும் நம்பமாட்டாள். ராகியைக் கொட்டிவிட்டு அந்தப் பக்கம் ஒரு டீ குடிக்கக்கூடப் போகமாட்டாள். மேலே தன் ராகி விழுவதிலிருந்து கீழே துணிக்குழாய் வழியாகத் தன் மாவு இறங்கி முடிகிறவரை நின்ற இடத்தில் நின்று பார்ப்பாள். கடைசியில் குழாயைப் பிடித்து நாலு உதறு உதறி, ஒட்டியிருப்பதையும் வாங்கிக்கொண்டுதான் நகருவாள். அப்படியும் வீட்டுக்குப் போய் மாவு குறையுது என்பாள். வருஷக்கணக்காக அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டதில் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. பால்காரர் ஊற்றுகிற அளவையும் பார்ப்பேன், கண்டக்டர் கொடுக்கிற சில்லறையையும் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் "அப்படிங்களா" என்று கேட்டுக்கொள்வார்.

அந்த மனுஷன் மில்லுக்கு பெல்ட் வாங்கத் தர்மபுரி போய், ஒரு நாயோடு வந்து இறங்கினார். கூடவே ஒரு வேனும், ரேவதி என்று ஒரு பெண்ணும். தெருவில் கிடக்கிற நாய்களை எடுத்து வைத்துப் பார்க்கிற காப்பகத்தை நடத்துகிறவளாம்.

"மில்லுல எலி தொல்லைன்னு சொன்னியே மாதம்மா" என்றார் இவர்.

"எலிக்கு நாயா? பெல்ட் எங்க?"

பெல்ட்டை மறந்துவிட்டிருந்தார்.

ரேவதி சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள். "ரொம்ப நல்ல பொண்ணுக்கா இது. பேரு லக்கி. யாரோ ரோட்டுல வுட்டுட்டுப் போயிட்டாங்க. வலிப்பு வரும், அதுக்குக் காலையில ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. அவ்ளோதான். அப்புறம், பின்னாடியிருந்து திடீர்னு தொடக்கூடாது. இது எதிர்ல துடப்பத்தத் தூக்கக்கூடாது. சாப்புடறப்ப யாரும் நின்னு பாக்கக்கூடாது, பாத்தா சாப்புடாது."

"அவ்ளோதானா? நெலாவக் காட்டி ஊட்ட வேணாமா?"

"சரிப்பட்டு வரலைன்னா ஒரு போன் பண்ணுங்கக்கா. நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

இலவசமாக வருகிற எதன் மேலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. நல்ல நாய் என்றால் தருகிறவள் வண்டியை ஏன் அவ்வளவு வேகமாகத் திருப்புகிறாள்? ஒரு காது கிழிந்திருந்தது, முதுகில் சூடு பட்ட தழும்பு, வலிப்பு வேறு. இதற்குப் பேர் லக்கி. வந்ததும் அது மில்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மூட்டைகளுக்குப் பக்கத்தில் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அங்கிருந்து வாசலையும் பார்க்கலாம், கல்லாவையும் பார்க்கலாம். கல்லா என் இடம். நாள் பூராவும் அது என்னையே பார்த்தது, நானும் அதையே பார்த்தேன்.

மாத்திரை கொடுக்கிற வேலை இவருடையது. களி உருண்டைக்குள் மாத்திரையை அழுத்தி, தட்டில் வைத்துவிட்டு, ரேவதி சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்துப் போனால் தட்டு காலியாக இருக்கும். "பாத்தியா, சமத்து" என்பார். முதல் சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் கரண்ட் போய் மில் நின்றிருந்தது. அரைக்க வந்தவர்கள் நாலைந்து பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தொம் என்று சத்தம். பார்த்தால் லக்கி பக்கவாட்டில் விழுந்து நாலு காலையும் தண்ணீரில் நீந்துவது போல அடித்துக்கொள்கிறது. கண் மேலே செருகிவிட்டது, வாயில் நுரை.

"இரும்பு, இரும்பு! கையில இரும்பக் குடு மாதம்மா!" என்று கத்தினார்கள்.

எங்கள் பக்கம் வலிப்பு வந்தால் முதலில் செய்வது அதுதான். ரோட்டில் யார் விழுந்தாலும், பத்துப் பேர் சாவிக்கொத்தோடு ஓடிவருவார்கள். நானும் கல்லாவிலிருந்து மில் சாவிக்கொத்தை உருவிக்கொண்டு ஓடினேன். அதன் முன்னங்காலில் வைத்து அழுத்தினேன், நாய்க்குப் பிடிக்கத் தெரியுமா? "வாயில குறுக்க வையி, நாக்கக் கடிச்சுக்கும்" என்றாள் ஒருத்தி. வைத்தேன். அதன் வாய் பூட்டிக்கொண்டது. சாவி கீழே விழுந்துவிட்டது, கை உள்ளே மாட்டிக்கொண்டது. அது என்னைக் கடித்தது என்றுகூடச் சொல்லமுடியாது. அதற்கு அப்போது நினைவே இல்லை. ஆனால் எலும்பில் பல் படுகிற சத்தத்தை நான் கேட்டேன்.

அப்புறம் ஒரே கூச்சல். மஞ்சளை அப்பு என்கிறாள் ஒருத்தி, சுண்ணாம்பு என்கிறாள் இன்னொருத்தி. "வெறி நாய்டா, கட்டைய எடு" என்று தெருவிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இவர் நாயைத் தூக்கித் தவிட்டு அறைக்குள் போட்டுக் கதவை அடைத்து, கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். பக்கத்துத் தையல் கடை நூர்ஜகான்தான் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். "ஒண்ணத்தையும் அப்பாத. சோப்புப் போட்டுக் கழுவு, நல்லா கழுவு" என்று தண்ணீரைத் திறந்துவிட்டு, நான் அலறினாலும் கையை விடவில்லை. பிற்பாடு டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான், கழுவினீங்களா என்று.

அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடிக்கென்று தனி வரிசை இருந்தது. அவ்வளவு பேரை நாய் கடிக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டாக்டரம்மா சின்னப் பெண். காயத்தைச் சுற்றியே ஊசி போட்டாள். வெறி நோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுமாம், அதை அங்கேயே மடக்கிப் பிடிக்கிற மருந்து அது. தடுப்பூசி தனி. அது உடம்பு தானே சண்டை போடக் கற்றுக்கொள்வதற்கு. அதை இடைவெளி விட்டு வந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

"வலிப்பு வந்துதுன்னு சொல்றீங்க, நுரை தள்ளிச்சுன்னு சொல்றீங்க. வெறி நோய்லயும் அப்படி வரும். அதனால நாய அடிச்சுப்போட்டுடாதீங்க. பத்து நாள் கட்டிவெச்சுப் பாருங்க. வெறி நோய் இருந்தா அதுக்குள்ள செத்துடும். செத்துட்டா உடனே வந்து சொல்லுங்க. உயிரோட இருந்தா அந்தக் கவலை இல்ல. எதுவா இருந்தாலும் ஊசிய மட்டும் விட்டுடாதீங்க."

நான் இவரைப் பார்த்தேன். "இப்ப புரியுதா? அந்த நாய் இருந்தாத்தான் நான் இருப்பேன்" என்றேன்.

"ஊசிதான் போட்டுட்டாங்களே" என்றார்.

"அந்த மருந்து நல்ல மருந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

மறுநாள் கை முழங்கை வரை வீங்கிவிட்டது. காயத்தில் சீழ். உள்ளே படுக்க வைத்து, கையைக் கீறி விட்டு, டிரிப் போட்டார்கள். அந்த வார்டு நாட்களைப் பற்றி ஒன்றுதான் சொல்லவேண்டும். வெறி நோய் வந்தவருக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதனால் எனக்குப் பயம் வருகிறதா என்று பார்க்க நிமிஷத்துக்கு நிமிஷம் தண்ணீர் குடித்தேன். டம்ளரை உற்றுப் பார்ப்பேன். தொண்டை இழுக்கிறதா? இழுக்கிற மாதிரித்தான் இருக்கிறது. உடனே ஒரு மடக்கு. டிரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு கழிப்பறைக்கு நடந்து நடந்து கால் ஓய்ந்துபோனது. "அக்கா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" என்று நர்ஸ் கேட்டாள். அவள் மருந்துப் பாட்டிலை மாற்றும்போதெல்லாம் பேரைப் படித்துக் காட்டச் சொன்னேன். முதலில் முறைத்தாள், பிறகு அவளாகவே படித்துவிட்டு மாட்டினாள்.

போன் பண்ணி நாயைக் கேட்பது இன்னொரு வேலை.

"சாப்புட்டுச்சா?"

"சாப்புட்டுச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தாத்தான் சாப்புடாதே. தட்டு காலி."

"மூச்சு வுடுதா?"

"மாதம்மா, வால ஆட்டுது."

அடித்தே தீரவேண்டும் என்று நின்ற தெருக்காரர்களை இவர் டாக்டர் பேச்சைச் சொல்லித் தடுத்து வைத்திருந்தார். பயத்தில் ரேவதிக்கும் போன் பண்ணிவிட்டார். பத்து நாள் கழியட்டும், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாளாம். எனக்கும் அதுதான் சரி. அதுவரை அது சாகக்கூடாது, அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளட்டும்.

வலது கைக்குக் கட்டுப் போட்டிருந்ததால் என்னால் தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. தினமும் காலை பஸ்ஸில் வந்து இவர்தான் பின்னிவிடுவார். மில் பெல்ட்டைத் தைத்த கை அது. பின்னல் முறுக்கின கயிறு மாதிரி நிற்கும், எதிர்க் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நூர்ஜகான் ரசமும் சோறும் கொடுத்தனுப்புவாள், ஒருநாளும் தவறாமல். அவள் நாயைத் தொடுகிறவள் இல்லை. ஆனால் தவிட்டு அறையில் போட்டுப் படுக்கட்டும் என்று கழிவுத் துணியில் ஒரு மெத்தை தைத்துக் கொடுத்திருக்கிறாள். இதையெல்லாம் எதற்குச் செய்கிறாள் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே லக்கிக்கு மறுபடி வலிப்பு. ஒன்று நின்று எழுவதற்குள் அடுத்தது. அது செத்தால் வெறி, வெறி என்றால் நான். "ஆட்டோவ கூப்புடுங்க" என்று கத்தினேன். நூர்ஜகான் தைத்த மெத்தையோடு அதை அள்ளிப் போட்டுக்கொண்டு தர்மபுரியில் ஒரு நாய் டாக்டரிடம் ஓடினோம்.

அவர் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார். "பாக்கறதுக்கு வெறி நோய் மாதிரி இல்லம்மா. வந்த வலிப்பு போனதும் ஆள அடையாளம் தெரியுது, தண்ணி குடிக்குது. இருந்தாலும் பத்து நாள் முடியட்டும்" என்றார். "மூளைக்குள்ள கரண்ட் திடீர்னு எகிறுது, அதான் வலிப்பு. உங்க மில்லுல வோல்டேஜ் எகிறுனா மோட்டார் எப்படித் துள்ளும்? இந்த மாத்திரை ஸ்டெபிலைசர் மாதிரி. தெனமும் ஒரே நேரத்துக்குப் போகணும். இனிமே வலிப்பு வந்தா பக்கத்துல இருக்கற பொருள நகத்திட்டு, சும்மா நில்லுங்க. வாய்கிட்ட கைய கொண்டுபோகாதீங்க. இரும்பு வலிப்ப நிறுத்தாது."

ரத்தம் எடுக்க உதவியாளர் அதை உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். "நீங்க வெளிய உக்காருங்க" என்றார். "எங்க மில்லுல யாரு ராகியா இருந்தாலும் அவங்க கண்ணு முன்னாலதான் அரைக்கறோம். நீங்களும் என் கண்ணு முன்னால எடுங்க" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு விடச் சொன்னார். அங்கேயே அதற்கும் டிரிப் போட்டார்கள். எனக்கு ஏறின அதே மாதிரிப் பாட்டில். ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொட்டு விழுவதைப் பார்த்தேன். மயக்கத்தில் அதன் தலை மெத்தையிலிருந்து சரியும், நான் இடது கையால் நகர்த்தி வைப்பேன். பில்லை நினைத்தால் பகீர் என்றது. இந்த ஆளும் தேவையில்லாத சோதனையெல்லாம் எழுதுகிறாரோ என்றுதான் தோன்றியது.

ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் எங்களை உட்காரவைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நெசத்தச் சொல்லுங்க. மாத்திரை குடுக்கறீங்களா, இல்லையா?"

"ரெண்டு வேளையும் குடுக்கறோங்க" என்றார் இவர்.

"ரத்தத்துல மருந்தே இல்லைங்களே. அதனாலதான் இப்படி வருது. செலவுக்குப் பயந்து நிறுத்தறவங்க இருக்காங்க, நானும் பாத்திருக்கேன். ஆனா பாவம் அது."

எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்து ஒருத்தர் இப்படிச் சொல்வதா? ஆனால் ரத்தம் பொய் சொல்லுமா? திரும்பி வருகிற வழியெல்லாம் இவரை வறுத்து எடுத்தேன். மறந்தீங்களா, தூக்கி எறிஞ்சீங்களா, பாவம் கசக்குமேன்னு வுட்டுட்டீங்களா என்று. அட்டை அட்டையாகக் காலியாகியிருக்கிறதே, பார் என்றார். அப்படியென்றால் ரேவதி கொடுத்தது போலி மாத்திரை. இல்லையென்றால் மருந்துக் கடைக்காரன். இல்லையென்றால் சோதனை செய்தவன். "இல்லைன்னா நான்தான்னு சொல்லிடு" என்று அந்த மனுஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அபூர்வம். எனக்கும் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் வாய் நிற்கவில்லை.

அன்று சாயங்காலம், எப்போதும் போல மில்லை மூடியதும் லக்கியைத் தவிட்டு அறையிலிருந்து அவிழ்த்துவிட்டோம். மாத்திரையை நானே அட்டையிலிருந்து எடுத்தேன். நானே களியில் வைத்தேன். தட்டை வைத்துவிட்டு வெளியே போகிற மாதிரி போய், தகரத் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அதில் ஒரு ஆணி ஓட்டை உண்டு. அடுத்தவள் பையிலிருந்து யாராவது அள்ளுகிறாளா என்று பார்க்க நானே போட்டது.

லக்கி இரண்டு பக்கமும் பார்த்தது. உருண்டையை வாயில் வாங்கியது. களியை மெல்லக்கூடாது, முழுங்கவேண்டும். எங்கள் ஊரில் பால் பல் விழாத குழந்தைக்குக்கூட அது தெரியும். இவரும் அந்த நம்பிக்கையில்தான் களியில் வைத்திருக்கிறார். இது எந்த ஊர் நாயோ, மெதுவாக மென்றது. களியை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு, மூட்டைகளுக்கு அடியில் இருக்கும் பலகைப் பக்கம் போனது. குனிந்தது. எதையோ துப்பி, மூக்காலேயே மாவுத் தூசியைத் தள்ளி மூடியது. திரும்பி வந்து தட்டைச் சுத்தமாக நக்கி வைத்தது.

பலகையைத் தூக்கச் சொன்னேன். கீழே மாவு ஒட்டிக் காய்ந்த மாத்திரைகள், குவியலாக. இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி" என்றேன். ஊரில் ஒருத்தர் விடாமல் சந்தேகப்பட்டிருக்கிறேன், கட்டின புருஷனை அழ வைத்திருக்கிறேன். அது விழுங்கியதா என்று மட்டும் பார்க்கவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த முதுகுத் தழும்பைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எவனோ ஒரு பாவி இதற்குச் சோற்றுக்குள் எதையோ ஒளித்து வைத்துக் கொடுத்திருக்கவேண்டும். அது நம்பாமல் இருந்ததில் என்ன தப்பு?

டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். இனி ஒளிக்காமல் நேராகக் கொடுங்கள், நாக்கின் மேலே, தொண்டைப் பக்கமாக உள்ளே தள்ளி வைத்து, வாயை மூடி, தொண்டையைத் தடவிவிடுங்கள், மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்தார். இவர் முயற்சி பண்ணினார். அது தலையை உதறிக்கொண்டு ஓடியது. இடது கையில் எனக்குப் பழக்கமில்லை. வலது கைக் கட்டை அவிழ்த்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. மாத்திரையை உள்ளங்கையில் வைத்து அதன் மூக்குக்கு எதிரே நீட்டினேன். "பாத்துக்க. இதான் மாத்திரை. கசக்கும். உனக்கும் எனக்கும் இதவுட்டா வேற வழியில்ல" என்றேன். அது மாத்திரையை மோந்தது. பிறகு என் காயத்தை மோந்தது. நான் வாயைத் திறந்து கையை உள்ளே விட்டேன். பற்கள் தோலில் பட்டன, அழுத்தவில்லை. தொண்டையைத் தடவினேன். மூக்கை நக்கியது.

அப்புறம் வலிப்பு குறைந்தது. பத்து நாளும் கழிந்தது, லக்கி இருந்தது, நானும் இருந்தேன். மறுநாள் சாயங்காலம் ரேவதியின் வேன் வந்து நின்றது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்துவிட்டாள். கையில் புதுக் கயிறு. இவர் மெத்தையை மடித்து வைத்துவிட்டு, மோட்டாரைத் துடைக்கிற மாதிரி திரும்பி நின்றார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"இரும்மா, மாத்திரை நேரம்" என்றேன். அவள் கண் முன்னாலேயே கொடுத்தேன். என் கை அந்த வாய்க்குள் போவதைப் பார்த்து அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"அங்க எப்படிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"சோத்துல பெசஞ்சுதான்க்கா. அப்பவும் அப்பப்ப வலிப்பு வந்துட்டுதான் இருந்துச்சு."

"முழுங்குற வரைக்கும் நின்னு பாப்பீங்களா?"

"எவ்ளோ நாய் இருக்கு… ஒண்ணொண்ணா எப்படிக்கா நிக்க முடியும்?" பாவம், நெஜத்தைத்தான் சொன்னாள்.

"அப்ப இங்கயே இருக்கட்டும்."

மோட்டாரைத் துடைத்த கை நின்றுவிட்டது.

"கடிச்ச நாயாச்சேக்கா. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. உங்கிட்ட அனுப்பறதுக்கு அதவுடப் பயமா இருக்கு."

ரேவதி என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். கயிற்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நூர்ஜகான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனாள். வேன் திரும்பியதும் நான் லக்கியின் கன்னத்துக்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.